மூடிய ராட்டினமும் நீளும் வரிசையும்

நம் சங்கத்தின் ஆண்டு உல்லாசப் பயணம் எங்கே என்ற பேச்சு எழும்போதெல்லாம், குழந்தைகள் ஒரே குரலில் 'தீம் பார்க்' என்பார்கள். பெரியவர்களோ, "அங்கே போனால் வரிசையில் நிற்பதற்கே ஒரு நாள் சரியாகிவிடும், பாதி ராட்டினம் மூடிக் கிடக்கும்" என்பார்கள். இது வழக்கமாகிவிட்ட சம்பாஷணை. போதாக்குறைக்கு 2025-ஆம் ஆண்டில் இரண்டு செய்திகள் வந்து எல்லோர் வயிற்றிலும் புளியைக் கரைத்தன. ஜனவரியில் நம் நாம்பள்ளி நுமாயிஷ் பொருட்காட்சியில் ஒரு ராட்டினம் தலைகீழான நிலையில் நின்றுவிட, ஏறியிருந்தவர்கள் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக அப்படியே தொங்கினார்கள். அதே வருடம் மே 27 அன்று சென்னை ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி. பூங்காவில் 'டாப் கன்' என்ற ராட்டினம் உயரத்தில் நின்றுபோய், முப்பது பேருக்குக் குறையாமல், குழந்தைகள் உள்பட, சுமார் மூன்று மணி நேரம் அந்தரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தீயணைப்புப் படையினர் ஏணி வண்டியைக் கொண்டுவந்து ஒவ்வொருவராக இறக்கினார்கள். நல்லவேளையாக இரண்டு இடத்திலும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்றிலிருந்து "சார், பிள்ளைகளை அனுப்பலாமா? எந்தப் பூங்கா தேவலை?" என்று என்னைக் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நான் ராட்டினம் கட்டியவன் அல்ல. டிப்ளமா முடித்துத் தென் மத்திய ரயில்வேயில் சிக்னல் பிரிவில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றவன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னிடம் வருவதில் ஒரு நியாயம் இருக்கிறது. ரோலர் கோஸ்டர் என்பது அடிப்படையில் ஒரு ரயில்தான்.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் மௌக் சங்க் என்ற ஊரில் 1827-இல் நிலக்கரி இறக்குவதற்கு ஒரு சரிவுப் பாதை போட்டார்கள். நிரம்பிய வண்டிகள் மலையிலிருந்து தம் எடையாலேயே உருண்டு கீழே வரும். காலி வண்டிகளை மேலே இழுத்துச் செல்லக் கோவேறு கழுதைகள். அந்தக் கழுதைகளையும் கீழே வரும்போது ஒரு வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அவை தீவனம் தின்றுகொண்டே சவாரி வரும். பின்னாளில் நிலக்கரிக்கு வேறு பாதை வந்துவிட, வேடிக்கைக்காகக் காசு கொடுத்து உருண்டு வருபவர்களுக்கென்றே அந்தப் பாதை ஓடியது. 1884-இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் தாம்ப்ஸன் என்பவர் இதே தத்துவத்தில் ஒரு சின்னப் பாதை கட்டிக் காசு பார்த்தார். அதற்கு அவர் வைத்த பெயரே 'ஸ்விட்ச்பேக் ரயில்வே'.

எங்கள் இலாகாவுக்கு இன்னும் நெருக்கமான சமாசாரம் 1959-இல் நடந்தது. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாண்டில் மேட்டர்ஹார்ன் என்ற செயற்கை மலையைச் சுற்றி உருக்குக் குழாய்த் தண்டவாளம் போட்டார்கள். ஒரே பாதையில் ஒரே நேரத்தில் பல வண்டிகளை விட வேண்டும். ஒன்றை ஒன்று இடிக்கவும் கூடாது. என்ன செய்தார்கள்? பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, முன்னால் உள்ள துண்டு காலியாகும் வரை பின்னால் வரும் வண்டியை நிறுத்தி வைக்கும் ஏற்பாடு செய்தார்கள். இதைத்தான் நாங்கள் 'பிளாக் சிஸ்டம்' என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து நடத்தி வருகிறோம். ஒரு பிளாக்கில் ஒரு வண்டி, அவ்வளவுதான் சட்டம். செகந்திராபாத் கோட்டத்தில் குல்லகூடா – சிட்கித்த பகுதியில் 2022 மார்ச்சில் மந்திரியே எஞ்சினில் ஏறிச் சோதித்துப் பார்த்த 'கவச்' கருவியும், சுற்றி வளைத்துப் பார்த்தால் இதே சட்டத்துக்குக் காவல் நிற்பதுதான்.

நம் ஊரிலும் இதைப் பார்க்கலாம். வெளிவட்டச் சாலையில் ராவிர்யாலா அருகே 2016 ஏப்ரலில் திறக்கப்பட்ட வண்டர்லாவில் 'ரீகாய்ல்' என்றொரு கோஸ்டர். ஒரே வண்டி, பின்னோக்கி மேலே இழுத்து விட்டுவிடுவார்கள், அது முன்னால் பாய்ந்து, தலைகீழ் வளையங்களைச் சுற்றி, எதிர் முனையில் மீண்டும் மேலே ஏறி, வந்த வழியே பின்பக்கமாகத் திரும்பும். பழைய கிளைப் பாதைகளில் 'ஒன் எஞ்சின் ஒன்லி' என்று ஒரு முறை இருந்தது, பழைய ஸ்டேஷன் மாஸ்டர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பாதையில் ஒரே ஒரு எஞ்சின்தான் இருக்கும். ஆகவே மோதல் என்ற பேச்சே இல்லை. ரீகாய்ல் அந்த ஜாதி. பல வண்டி விடும் கோஸ்டரில் மோதல் பயம் உண்டு, அதற்குத் தடுப்பும் உண்டு. ஒரு வண்டி கோஸ்டரில் அந்தப் பயம் இல்லை, ஆனால் வரிசை மெதுவாக நகரும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்க வேண்டியதுதான்.

வரிசைக்கு வருவோம். நம் ஆட்கள் வரிசையின் நீளத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்கள். அதைவிடக் கையில் கடிகாரம் இருந்தால் கணக்குப் போடலாம். ஒரு தடவைக்கு எத்தனை பேர் ஏறுகிறார்கள், ஒரு தடவைக்கும் மறு தடவைக்கும் எத்தனை நிமிடம் என்ற இரண்டைப் பார்த்துக்கொண்டால் போதும். 28 பேர் ஏறும் வண்டி, நாலு நிமிடத்துக்கு ஒரு தடவை புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 15 தடவை, 420 பேர். நமக்கு முன்னால் 210 தலை இருந்தால் எட்டாவது தடவையில் நமக்கு இடம். அரை மணி நேரத்தில் ஏறிவிடலாம். அதே 210 பேர், ஒரு தடவைக்கு 12 பேர் மட்டும் ஏறும் சின்ன ராட்டினத்தின் முன் நின்றால், புறப்பாடு அதே நாலு நிமிடமானாலும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீளமான வரிசை எல்லாம் நேரம் தின்னும் வரிசை என்று நினைக்க வேண்டாம். பெல்ட்டை மாட்டி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்து, செருப்பு, கண்ணாடி, செல்போன் எல்லாம் வாங்கி வைத்து அனுப்புவதற்குள்தான் பாதி நேரம் போகிறது. ராட்டினம் சுற்றும் நேரம் அதில் சிறு பங்கு. ஸ்டேஷனில் வண்டி நிற்கும் நேரம்தான் கால அட்டவணையைக் கெடுக்கிறது என்பது ரயில்வேக்காரனுக்குத் தெரியாதா?

இப்போது எல்லோரும் குறைப்படும் 'மூடிக் கிடக்கிறது' என்ற விஷயத்தையும் இதே கணக்கில் போட்டுப் பார்க்கலாம். ஒரு பூங்காவில் ஜனங்கள் விரும்பி ஏறும் ராட்டினங்கள் பத்து, ஒவ்வொன்றும் மணிக்கு 400 பேரைச் சுமக்கிறது, மொத்தம் 4,000. உள்ளே 6,000 பேர் இருந்தால், ஏழு மணி நேரத்தில் தலைக்கு நாலு அல்லது ஐந்து சவாரி கிடைக்கும். அதில் இரண்டு ராட்டினத்தை மூடிவிட்டால், நாலுகூட முழுசாகத் தேறாது. ஆனால் அதே இரண்டு மூடியிருக்கும் நாளில் கூட்டம் பாதியாக, 3,000 பேராக இருந்தால்? ஏழு சவாரிக்கு மேல் கிடைக்கும். எல்லா ராட்டினமும் ஓடும் ஞாயிற்றுக்கிழமையைவிட, இரண்டு மூடிய சாதாரண நாள் மேல். சாப்பாட்டு நேரம், நடை நேரம் எல்லாம் கழித்தாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது. பூங்காவைத் தேர்ந்தெடுப்பதைவிட நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் நமக்கு லாபம் என்று நான் சொல்வது இதனால்தான்.

நாளைத் தேர்ந்தெடுப்பது என்றால் ஹைதராபாத்தில் அது லேசுப்பட்ட காரியமல்ல. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் இரண்டாம் வாரம் வரை பள்ளி விடுமுறை, தண்ணீர் ராட்டினங்களில் இடம் பிடிக்க யுத்தம். தசராவுக்குப் பதுக்கம்மாவோடு சேர்த்து நீண்ட விடுமுறை. இரண்டாம் சனிக்கிழமை அரசு ஊழியர் வீடுகளுக்கும் லீவு. 'சரி, நாங்கள் வார நாளில் போகிறோம்' என்று கெட்டிக்காரத்தனமாகக் கிளம்புபவர்கள் நவம்பர் முதல் ஜனவரி வரை ஏமாறுவார்கள். அது பள்ளிக்கூடச் சுற்றுலாக் காலம். புதன்கிழமை காலையில் பத்து பஸ் மஞ்சள் தொப்பிக் குழந்தைகளோடு வாசலில் நிற்கும். ஒரு சௌகரியம், அந்தக் கூட்டம் நாலு மணிக்கெல்லாம் விசில் ஊதி எண்ணி ஏற்றப்பட்டுவிடும்.

கூட்டத்தைச் சமாளிப்பதில் நம் ஊரிலேயே மூன்று விதப் பாணிகளைக் காணலாம். 1996-இல் தொடங்கிய ராமோஜி ஃபிலிம் சிட்டி, கூட்டத்தைப் பஸ்ஸில் ஏற்றி, வழிகாட்டி சகிதம் சுற்றிக் காட்டும் பாணி. இடமோ பரந்து கிடக்கிறது. உலகத்திலேயே பெரிய படப்பிடிப்பு வளாகம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிய இடம். நடந்தால் கால் போய்விடும். ஆகவே வண்டி ஓட்டத்தை நிர்வாகமே தன் கையில் வைத்துக்கொண்டது. முதியவர்களுக்கு இதைவிட ஏற்ற இடம் நம் சுற்று வட்டாரத்தில் இல்லை என்பது என் அபிப்பிராயம். உட்கார்ந்த இடத்திலேயே பாதி பார்த்துவிடலாம். 2004-இல் கீழ் டாங்க் பண்டில் வந்த ஸ்னோ வேர்ல்டு வேறு பாணி: ஒரு மணி நேரத் தொகுதியாக ஆட்களை உள்ளே விட்டு, வெளியே எடுத்து, அடுத்த தொகுதியை விட்டார்கள். உள்ளே எத்தனை பேர் என்பது நுழைவிலேயே தீர்மானமாகிவிடும். உறையும் குளிரில் யாரும் அதிக நேரம் இருக்க ஆசைப்படவும் மாட்டார்கள். மூன்றாவது, வண்டர்லா போன்ற பெரிய பூங்காக்களின் பாணி. காலையில் கதவைத் திறந்துவிடுவது, பிறகு அவரவர் சாமர்த்தியம்.

இந்த மூன்றாவது பாணியில் கூட்டம் முட்டும்போது, கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு தனி வரிசையில் விடும் 'ஃபாஸ்ட்ராக்' டிக்கெட் வருகிறது. திருப்பதியில் 300 ரூபாய் சிறப்பு தரிசனம், ரயில்வேயில் தட்கல், எல்லாம் ஒரே குடும்பம். டிஸ்னி நிறுவனம் 1999-இல் 'ஃபாஸ்ட்பாஸ்' கொண்டுவந்தபோது அது இலவசம். ஒரு நேரச் சீட்டை வாங்கிக்கொண்டு போய் வேறு எதையாவது பார்த்துவிட்டு அந்த நேரத்துக்கு வரலாம். 2021-இல் அமெரிக்கப் பூங்காக்களில் அதை எடுத்துவிட்டுக் காசுக்கு விற்க ஆரம்பித்தார்கள். இதில் ஒரு கணக்கு விஷயம்: தனி வரிசை ராட்டினத்தின் இருக்கையைக் கூட்டுவதில்லை. மணிக்கு 420 பேர் என்றால் 420 பேர்தான். தனி வரிசையில் நூறு பேர் ஏறினால், சாதா வரிசைக்கு 320. ஊரிலிருந்து ஒரே ஒரு நாள் வந்திருக்கும் குடும்பம் வாங்கினால் நான் குறை சொல்ல மாட்டேன். ஐம்பது பேராகப் போகும் சங்கத்துக்கு அது கட்டாது.

கூட்டத்தைத் தவறாகக் கணக்கிட்டால் எத்தனை பெரியவர்களுக்கும் மானம் போகும். 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலாண்டின் திறப்பு விழாவில் போலிச் சீட்டோடு ஆயிரக்கணக்கில் உள்ளே புகுந்துவிட்டார்கள். குழாய்ப் பணியாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பல வறண்டு கிடந்தன. எரிவாயுக் கசிவால் ஒரு பகுதியையே சிறிது நேரம் மூடினார்கள். உலகத்துப் பூங்காக்களுக்கெல்லாம் தாய் வீடு என்கிறோமே, அதன் முதல் நாள் லட்சணம் இது.

இனி, மூடிய ராட்டினம். பலகை தொங்குவதற்குக் காரணங்கள் பல. ரயில் பெட்டிகளைப் பணிமனைக்கு அனுப்பி ஓவர்ஹால் செய்வதுபோல, வருடாந்திரப் பழுதுபார்ப்பு ஒன்று. அச்சுகளையும் வெல்டிங் இணைப்புகளையும் அல்ட்ராசோனிக் கருவி வைத்துச் சோதிப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் அதில்தான் தெரியும். மழை, இடி, காற்று காரணமாக நிறுத்துவது இன்னொன்று. மூன்றாவதுதான் ஜனங்களுக்குப் புரியாதது: நன்றாக ஓடிக்கொண்டிருந்த ராட்டினம் திடீரென்று நின்றுவிடும், ஒன்றும் உடைந்ததாகத் தெரியாது. பெரும்பாலும் ஏதோ ஒரு சென்சார், ஒரு பெல்ட்டின் பூட்டோ ஒரு கதவோ சரியாக விழவில்லை என்று சொல்லியிருக்கும். எங்கள் பாஷையில் சொன்னால் டிராக் சர்க்யூட் ஃபெயிலியர். தண்டவாளத்தில் வண்டி இல்லாவிட்டாலும் சிக்னல் சிவப்பாகிவிடும். பயணிகள் எங்களைத் திட்டுவார்கள். ஆனால் சந்தேகம் வந்தால் சிவப்பு என்று அமைத்ததே நாங்கள்தான். ரயிலின் வாக்யூம் பிரேக்கில் குழாய் பிய்ந்தால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். கோஸ்டரின் பிரேக்குகளும் காற்றோ மின்சாரமோ போனால் பிடித்துக்கொள்ளும்படி செய்தவையே. ஏறியவர்களைப் பிடித்திருக்கும் பூட்டும் அப்படியே. மின்சாரம் போனாலும் திறக்காது. நாம்பள்ளியில் தலைகீழாக நின்றவர்கள் விழாமல் இருந்தது பூட்டு பிடித்திருந்ததால்தான். அங்கே குறை, நின்றவர்களை உடனே இறக்க வழி கையில் இல்லாதது. ஈஞ்சம்பாக்கத்திலும் அதே. தீயணைப்பு வண்டி வந்துதான் இறக்க வேண்டும் என்றால், அந்த உயரத்துக்கு ராட்டினம் வைத்தவர்கள் அதே உயரத்துக்கு எட்டும் ஏணியை ஏன் வைத்திருக்கவில்லை என்று கேட்க வேண்டும்.

நின்ற ராட்டினத்தை அவசரப்பட்டு ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. இங்கிலாந்தில் ஆல்ட்டன் டவர்ஸ் பூங்காவில் 'ஸ்மைலர்' என்ற கோஸ்டர். 2015 ஜூன் 2. நாலு வண்டி ஓடிக்கொண்டிருந்த பாதையில் ஐந்தாவதையும் சேர்த்தார்கள். சோதனைக்காக விட்ட காலி வண்டி ஒன்று, பலத்த காற்றில் வேகம் இழந்து பாதையின் பள்ளத்தில் நின்றுபோனது. பிளாக் சிஸ்டம் தன் கடமையைச் செய்தது. பின்னால் ஆட்களோடு வந்த வண்டியைப் பிடித்து நிறுத்தியது. எஞ்சினியர்கள் கண்ணில் காலி வண்டி படவில்லை. பாதையில் நாலு வண்டிதான் என்று நம்பியதால், கம்ப்யூட்டர்தான் தப்பாகச் சொல்கிறது என்று முடிவு கட்டி, அதன் தடையை நீக்கி வண்டியை அனுப்பினார்கள். பதினாறு பேர் இருந்த வண்டி நின்றிருந்த வண்டியின்மேல் போய் மோதியது. இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தார்கள். இடிபாட்டிலிருந்து மீட்க மணிக்கணக்கில் ஆயிற்று. 2016 செப்டம்பரில் நீதிமன்றம் நிர்வாகத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது. தவறு அந்த எஞ்சினியர்களுடையது என்பதைவிட, இப்படிப்பட்ட நேரத்தில் யார் எதைச் சரிபார்க்க வேண்டும் என்று முறை வகுத்துக் கொடுக்காத நிர்வாகத்தினுடையது என்பதே அங்கே விசாரித்த அதிகாரிகளின் முடிவு.

இந்த விவரங்களைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. சிக்னல் சிவப்பாக நிற்கிறது, பாதை காலி என்று மனசு சொல்கிறது, பின்னால் கண்ட்ரோலர் போனில் கத்துகிறார். இந்த நிலையை அனுபவிக்காத சிக்னல் ஊழியன் இல்லை. எட்டு வருடம் கழித்து அதே ஜூன் 2-ஆம் தேதி, 2023-இல், ஒடிஷாவில் பஹநகா பஜார் நிலையத்தில் நம் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் தவறான பாதையில் புகுந்து 290-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சிக்னல் கம்பி இணைப்பில் செய்த மாற்றத்தை ஒழுங்காகச் சரிபார்க்காததே அதற்கு மூலகாரணம் என்று விசாரணை சொன்னது. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுத மனமில்லை.

நம் நாட்டில் ராட்டின விபத்துகள் வேறு மாதிரி. 2019 ஜூலை 14 அன்று ஆமதாபாத் காங்கரியா ஏரிக்கரைப் பூங்காவில் ஊஞ்சல் போல ஆடும் ராட்டினத்தின் தண்டு முறிந்து இருவர் இறந்தார்கள். இருபதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காயம். அதற்கு முந்தின மாதம் சென்னை பூந்தமல்லிக்கு அப்பால் க்வீன்ஸ்லாண்டில் உயரத்திலிருந்து இறங்கும் ராட்டினத்தின் கம்பிவடம் அறுந்தது, உயிர்ச்சேதம் இல்லை. 2016 மே மாதம் தாம்பரம் கிஷ்கிந்தாவில் புது ராட்டினத்தைச் சோதனைக்கு ஓட்டியபோது சரிந்து, ஏறியிருந்த ஊழியர்களில் ஒருவர் இறந்தார். கவனியுங்கள்: தண்டு, வடம், தாங்கி. இவை எல்லாம் ஒரு நாள் மூடி, பிரித்து, சோதித்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிய வரக்கூடிய குறைகள். மூடுவதற்கு மனம் வராத இடத்தில்தான் இவை முறிகின்றன. புது ராட்டினத்தில் ஆள் ஏற்றிச் சோதிப்பது என்ன வழக்கமோ, மணல் மூட்டை கிடைக்கவில்லையா?

ரயிலுக்குப் பாதுகாப்பு ஆணையர் என்று ஒருவர் உண்டு. அவர் ரயில்வே மந்திரியின்கீழ் வராமல், விமானப் போக்குவரத்து இலாகாவின்கீழ் வருகிறார். நடத்துபவரும் தணிக்கை செய்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதற்காக. புதுப் பாதையில் அவர் கையெழுத்து இல்லாமல் பயணி வண்டி ஓட முடியாது. ராட்டினங்களுக்கு இப்படி நாடு முழுவதற்கும் ஒரு அதிகாரி கிடையாது. போலீஸ், தீயணைப்பு, உள்ளாட்சி, பொதுப்பணி எஞ்சினியர் என்று ஆளுக்கொரு சான்றிதழ். நிரந்தரப் பூங்காவிலாவது சொந்தப் பராமரிப்புப் பிரிவு இருக்கும். வண்டர்லா நிறுவனம் தன் ராட்டினங்களில் பலவற்றைத் தானே தயாரிக்கிறது, ஆகவே உதிரி பாகத்துக்கு வெளிநாட்டை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பொருட்காட்சிக்கு லாரியில் வந்து, ஒன்றரை மாதம் ஓடி, கழற்றி, அடுத்த ஊரில் மாட்டப்படும் ராட்டினத்தின் கதை வேறு. ஒவ்வொரு தடவை மாட்டும்போதும் எத்தனை நட்டு, எத்தனை போல்ட்டு! 1938-இலிருந்து நடக்கும் நுமாயிஷுக்கு நானும் வருஷம் தவறாமல் போகிறேன், ஹலீம் சாப்பிடுகிறேன், காஷ்மீர் சால்வை விலை கேட்கிறேன். பேத்தியை அங்கே ராட்டினத்தில் மட்டும் ஏற்றுவதில்லை.

மூடுவதைச் சொல்லிவிட்டு மூடுவது ஜப்பான்காரர்களின் பழக்கம். டோக்கியோ டிஸ்னிலாண்டில் எந்த ராட்டினம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை பராமரிப்புக்காக நிற்கும் என்று மாதக்கணக்கில் முன்பே அறிவித்துவிடுகிறார்கள். வருகிறவர் அதைப் பார்த்து நாள் குறிக்கலாம். நம் பூங்காக்களில் டிக்கெட் கிழித்த பிறகுதான் பலகை கண்ணில் படுகிறது. என் மனக்குறை மூடுவதில் இல்லை, வாசலில் சொல்லாததில்தான்.

காத்திருப்பது எவ்வளவு நேரம் என்பதைவிட எப்படிக் காத்திருக்கிறோம் என்பதும் முக்கியம். மெய்ஸ்டர் என்ற பேராசிரியர் 1985-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீண்டதாகத் தோன்றும். காரணம் சொல்லப்படாத தாமதம், சொல்லப்பட்டதைவிடக் கசக்கும். 'வண்டி தாமதமாக வருகிறது' என்பதற்கும் 'வண்டி நாற்பது நிமிடம் தாமதம்' என்பதற்கும் பிளாட்பாரத்தில் எவ்வளவு வித்தியாசம்! இந்த ஊர் வெயிலில் வரிசைக்கு மேலே கூரை, கையெட்டும் தூரத்தில் குடிநீர், அருகில் சுத்தமான கழிப்பறை, இன்னும் எத்தனை நிமிடம் என்று ஒரு பலகை. இவை இருக்கும் பூங்காவில் நாற்பது நிமிடம் ஓடிவிடும்.

சில வருடம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெயர் வேண்டாம், ஒரு பூங்காவில் பேத்தியோடு வரிசையில் நின்றிருந்தேன். எங்கள் முறை வர இரண்டு தடவை பாக்கி. ராட்டினம் நின்றது. இயக்கிக்கொண்டிருந்த பையனுக்கு இருபது இருபத்தொரு வயது இருக்கும். "டெக்னீஷியன் ராவாலி சார்" என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைப் போட்டுவிட்டான். பத்து நிமிடம் பொறுத்த ஜனங்கள் பிறகு பொறுக்கவில்லை. "இத்தனை ஆயிரம் கொடுத்து வந்திருக்கிறோம்", "மேனேஜரைக் கூப்பிடு", "பட்டனை அமுக்குடா" என்று மூன்று பாஷையிலும் வசவு. ஒருவர் சங்கிலியைத் தாண்டியே போனார். பையன் முகம் சிவந்ததே தவிர, சாவியைக் கையை விட்டு எடுக்கவில்லை. டெக்னீஷியன் வந்து எதையோ மாற்றினார். அதன் பிறகும் அந்தப் பையன் ஆளை ஏற்றவில்லை. காலியாக இரண்டு தடவை சுற்றவிட்டுப் பார்த்தான். மொத்தம் நாற்பது நிமிடம். வரிசையில் பாதிப் பேர் போய்விட்டார்கள். எங்கள் பிரிவில் அவன் இருந்திருந்தால் அந்த வருடம் ஜெனரல் மேனேஜர் அவார்டுக்கு அவன் பெயரை எழுதியிருப்பேன். அங்கே அவனுக்குக் கிடைத்தது வசவு மட்டுமே. இறங்கும்போது தோளைத் தட்டி "பாக செய்தாவு பாபு" என்றேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்தானோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டான்.

சென்னைக்கு விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வண்டர்லா திறந்திருக்கிறார்கள். அங்கே 'தஞ்சோரா' என்ற கோஸ்டரில் வண்டி தண்டவாளத்துக்குக் கீழே தொங்கியபடி ஓடுகிறது. புதுப் பூங்காவுக்கு முதல் ஆண்டில் போவது பற்றி எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. புது எஞ்சின் வந்தால் ஆறு மாதம் அதன் சில்லறை வியாதிகள் தெரியும், அதுபோல. கூட்டமும் அடங்கியிருக்காது. அவசரம் இல்லாதவர்கள் ஒரு வருடம் கழித்துப் போகலாம்.

செயற்குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது இதுதான். ராவிர்யாலா. ஜூலையில், இரண்டாம் சனி அல்லாத ஒரு சனிக்கிழமை. பள்ளி திறந்த புதிது. ஆஷாட மாதம், போனாலு சமயம், ஊர்க்காரர்கள் கோயில் வேலையில் இருப்பார்கள். மழைத் தூறலில் ஒன்றிரண்டு ராட்டினம் நிற்கக்கூடும். மேலே போட்ட கணக்குப்படி அது பரவாயில்லை. முதல் நாளே தொலைபேசியில் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும்: நாளை எவையெல்லாம் மூடியிருக்கும், பள்ளிச் சுற்றுலா பஸ்கள் எத்தனை பதிவாகியிருக்கின்றன. குழந்தைகளின் உயரத்தை வீட்டிலேயே அளந்து வாருங்கள். உயரம் போதாத குழந்தையை 'ஒரு தடவைதானே' என்று ஆபரேட்டரிடம் கெஞ்சி ஏற்ற வேண்டாம். உள்ளே போனதும் எல்லோரும் வாசலுக்கு அருகில் உள்ள ராட்டினத்தில் மொய்ப்பார்கள். நாம் கடைசிக் கோடிக்குப் போய் அங்கிருந்து திரும்பி வருவோம். ஒரு மணிக்கு எல்லோரும் சாப்பிடப் போகும்போது வரிசை மெலியும், அப்போது பெரிய கோஸ்டர். நாம் அதற்கு முன்பே பன்னிரண்டுக்குள் சாப்பிட்டு, கொஞ்சம் உட்கார்ந்துவிட வேண்டும். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், மாமிகள் கட்டிக்கொண்டு வரும் புளியோதரையும் தயிர் சாதமும் பஸ்ஸிலேயே காலைப் பலகாரமாகத் தீர்ந்தாக வேண்டும். பஸ் மெட்டுகூடாவிலிருந்து சரியாக எட்டு மணிக்குப் புறப்படும்.